ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து பம்பலப்பிட்டி வரை

மோட்டரின் வயதை அதன் தகடே சொல்லிவிடும். பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கார் கொட்டிலை வேர்க்‌ஷொப்பாக மாற்றி வைத்திருக்கிறார் ஒரு லேத் பாஸ். அவருடைய லேத்தின் பின்பக்கம் குனிந்து, எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்தால் எழுத்துத் தெரியும்: புரூக் மோட்டர்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், 3 எச்.பி., 3 பேஸ், 415 வோல்ட், 1425 ஆர்.பி.எம். கடைசியில் 50 சி/எஸ், அதாவது செக்கனுக்கு 50 சுழற்சி. ஹேர்ட்ஸ் என்ற பெயர் 1960இல்தான் சர்வதேச அளவைகளுக்குள் வந்தது. பிரித்தானிய மோட்டர்த் தகடுகளில் அது ஏறுவதற்கு இன்னும் சில வருடங்கள் பிடித்தன. ஆகவே இது ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ யோர்க்‌ஷயர் ஆலை நகரம் ஒன்றில் பிறந்து, கப்பலேறி இலங்கைக்கு வந்த மோட்டர். மலைநாட்டுத் தோட்டமொன்றின் வேர்க்‌ஷொப்பில் நெடுங்காலம் ஓடியிருக்கிறது. பிறகு பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலே விலைபேசப்பட்டு, லேத்தோடு சேர்ந்து கொழும்புக்கு இறங்கியிருக்கிறது.

இதன் பூர்வீகம் ஹடர்ஸ்ஃபீல்டும் அல்ல, பெர்லின். 1888இல் இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும் ஒருவரையொருவர் அறியாமலே சுழலும் காந்தப்புலத்தைக் காட்டினார்கள். அடுத்த வருடம் பெர்லினில் ஏ.இ.ஜி. கம்பனியில் வேலை பார்த்த ரஷ்யரான மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி அதை மூன்று பேஸுக்குக் கொண்டுபோய், உள்ளே சுழலும் பகுதியை வெறும் உலோகச் சட்டங்களாகவும் இரண்டு வளையங்களாகவும் சுருக்கினார். அதுதான் அணில்கூட்டு மோட்டர். கம்பிச் சுற்று, தேயும் கார்பன், தீப்பொறி எதுவும் சுழலும் பகுதியில் இல்லை. 1891இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அவருடைய 100 குதிரைவலு மோட்டர் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றி செயற்கை நீர்வீழ்ச்சியாக விழவைத்தது. அதற்கான மின்சாரம் 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த லவுஃபன் என்ற ஊரின் ஆற்று நீரில் பிறந்தது. நீரால் பிறந்த கரண்ட், வேறொரு ஊரில் மறுபடியும் நீரையே தூக்கியது. பார்த்தவர்கள் வாய்பிளந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த மோட்டருக்கும் பம்பலப்பிட்டி மோட்டருக்கும் அடிப்படையில் வித்தியாசம் கிடையாது. உள்ளே உள்ள தகடு மெல்லிதாகியிருக்கிறது, செம்புச் சட்டத்துக்குப் பதில் அலுமினியம் வார்க்கிறார்கள், உறை சிறுத்திருக்கிறது, அவ்வளவுதான். 130 வருடத்துக்கு மேலாக ஒரே கொள்கையில் ஓடும் இன்னொரு பொருளைச் சொல்லுங்கள் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

இந்த மோட்டர்கள் வருவதற்கு முன் வேர்க்‌ஷொப் என்றால் கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் ஒரு தண்டு. ஒரு நீராவி எந்திரம் அந்தத் தண்டைச் சுழற்ற, அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பட்டி இறங்கும். லேத்தை நிறுத்தவேண்டுமென்றால் பட்டியைச் சும்மா சுற்றும் கப்பிக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தக் காலத்து நெசவாலைகளும் இதே முறைதான். பம்பலப்பிட்டிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த வெள்ளவத்தை நூற்பு நெசவாலை, 1933இல் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற வேலைநிறுத்தத்தால் பெயர் பெற்றது. அது இருந்த நிலத்தில் இப்போது ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கின்றன. பட்டிகளில் சேலையும் சாரமும் கையும் சிக்கிய கதைகள் அப்படிப்பட்ட ஆலைகள் எல்லாவற்றிலும் உண்டு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டர் என்ற வழக்கம் வந்ததும் அந்தத் தண்டு இறங்கியது.

கொழும்பு மின்சாரத்தால் ஓடும் வண்டியை முதலில் கண்டது 1899இல், கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ட்ராம் ஓடியபோது. அவை டி.சி. மோட்டர்கள். சாரதி கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்ப வண்டி மெல்லக் கிளம்பி மெல்ல வேகமெடுக்கும். டி.சி. மோட்டர் சொன்ன பேச்சுக் கேட்கும், ஆனால் கார்பன் தேயும், கொம்யூட்டேற்றர் கருகும், பராமரிப்புக்கு ஆள் வேண்டும். அணில்கூட்டு மோட்டர் இதற்கு நேர்மாறு. பராமரிப்பே கேட்காது, ஆனால் பேச்சும் கேட்காது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது பாஸ் அல்ல, மின்நிலையம்.

இந்தக் கணக்கு எளிது. நான்கு துருவ மோட்டருக்கு 50 ஹேர்ட்ஸ் கொடுத்தால் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 தரம் சுழலும். உள்ளேயுள்ள கூடு அதைத் துரத்திக்கொண்டே சற்றுப் பின்தங்கி ஓடும். அந்தப் பின்தங்கல் இல்லாவிட்டால் கூட்டில் கரண்டே பிறக்காது. தகட்டிலே 1425 என்று இருப்பது அதனால்தான். 1918இல் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர நீர்மின்சாரத்தின் பொருளாதாரத்தைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கேலிக்கும் தாமதத்துக்கும் பிறகு 1950இல் லக்சபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியபோது, மலையிலிருந்து இறங்கிய அந்த மின்சாரத்தோடு இலங்கையின் மோட்டர்களுக்கெல்லாம் ஒரே வேகமும் இறங்கியது என்று சொல்லலாம். 1500ஐ ஒட்டி, அல்லது 3000ஐ, 1000ஐ ஒட்டி. நடுவில் ஒன்றும் கிடையாது.

அதனால்தான் பழைய லேத்களுக்கு அவ்வளவு பெரிய தலை. மோட்டர் ஒரே வேகத்தில் ஓட, பல்சக்கரங்களும் கப்பிகளும் அதை எட்டாகவோ பன்னிரண்டாகவோ பிரித்துக் கொடுக்கும். காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை பழகி, 1990இல் ஆலை நின்றபின் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்த இந்த பாஸுக்கு கியர் நெம்புகோல்கள் கையில் படிந்த பழக்கம். எந்த வேகத்துக்கு எந்த நெம்புகோல் எந்தப் பக்கம் என்பதை அவர் பார்க்காமலே செய்வார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தோட்டத்து வேர்க்‌ஷொப்பில் மூன்று பேஸ் இருந்தது. இந்த ஒழுங்கை வீட்டுக்கு வந்திருப்பதோ ஒரே பேஸ், 230 வோல்ட், 30 ஆம்பியர். மின்சார சபையிடம் விண்ணப்பித்து மூன்று பேஸ் எடுக்கலாம். ஆனால் வாடகை வீடு, செலவு, வீட்டுக்காரரின் சம்மதம் என்று அது இழுபட்டது. ஒரு பேஸ் மோட்டர் வாங்கிப் பூட்டலாம். ஆனால் அது நடுங்கும், அந்த நடுக்கம் கடைந்த இரும்பின் மேல் வரிவரியாகத் தெரியும். கண்டென்சர் போட்டு மூன்றாவது பேஸை ஏமாற்றி உண்டாக்கும் பழைய வித்தையும் உண்டு. அதில் மோட்டரின் பலத்தில் கணிசமான பங்கு போய்விடும், ஒரு பாரத்துக்குச் சரியாக இருக்கும் கண்டென்சர் இன்னொரு பாரத்துக்குச் சரிவராது. இப்படித்தான் அந்த மோட்டருக்கு இன்வேட்டர் என்ற ஒரு சின்னப் பெட்டி துணையாக வந்தது.

அந்தப் பெட்டிக்கும் ஒரு பயணம் உண்டு, அதில் ஒரு துண்டு நம்முடைய பக்கத்திலிருந்து போனது. மோட்டரின் வேகத்தை மாற்ற அதற்குக் கொடுக்கும் கரண்டின் சுழற்சியையே மாற்றவேண்டும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரியும். அதைச் செய்யக் கருவிதான் இல்லை. தைரிஸ்டர் என்ற குறைகடத்திச் சுவிட்ச் வந்தபின் 1968இல் டென்மார்க்கின் டான்ஃபோஸ் இப்படியான பெட்டிகளைத் தொகையாக விற்கத் தொடங்கியது. ஆனால் தைரிஸ்டர் திறக்கச் சொன்னால் திறக்கும், மூடச் சொன்னால் மூடாது. அதை மூடவைக்கத் தனியாக ஒரு சுற்று, பெரிய கண்டென்சர்கள், சத்தம், சூடு. சாதாரண டிரான்ஸிஸ்டருக்கோ இயக்குவதற்கே நிறையக் கரண்ட் வேண்டும்.

1948இல் சென்னையில் பிறந்து, பெங்களூரில் வளர்ந்து, 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் படிப்பை முடித்த பி. ஜெயந்த் பாலிகா அமெரிக்கா போய் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். வேகம் மாற்றக்கூடிய மோட்டர் இயக்கி ஒன்று அந்தக் கம்பனிக்கு அப்போது தேவைப்பட்டது, முக்கியமாகக் குளிரூட்டிகளுக்கும் வெப்பமூட்டிகளுக்கும். அந்தத் தேவையிலிருந்துதான் ஐ.ஜி.பி.டி. பிறந்தது. சின்ன வோல்டேஜ் ஒன்றைக் காட்டினால் திறக்கும், எடுத்தால் மூடும், பெரிய கரண்டையும் தாங்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்புக்காக 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தமிழ்ப் பத்திரிகைகள் இதற்கு எத்தனை வரி ஒதுக்கின என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு ஒதுக்கியதைவிடக் கூடுதலாக இருந்திருந்தால் சந்தோஷப்படுவேன்.

பம்பலப்பிட்டிப் பெட்டிக்குள் அப்படியான ஐ.ஜி.பி.டி.கள் ஆறு இருக்கின்றன. வீட்டுக் கரண்ட் உள்ளே வந்ததும் முதலில் அதை டி.சி. ஆக்கிக் கண்டென்சரில் தேக்குகிறார்கள், ஏறத்தாழ 325 வோல்ட். அந்தத் தேக்கத்திலிருந்து ஆறு கதவுகளும் செக்கனுக்குப் பல ஆயிரம் தரம் திறந்து மூடி, அகலமான துண்டும் ஒடுக்கமான துண்டுமாக வெட்டி வெட்டி மோட்டருக்கு அனுப்புகின்றன. மோட்டரின் சுருள்களுக்கு அவசரம் பிடிக்காது, துண்டுகளைச் சேர்த்து ஒரு மிருதுவான அலையாகவே எடுத்துக்கொள்ளும். அலை மெதுவானால் மோட்டர் மெதுவாகும். வீட்டுக்கு வந்தது ஒரு பேஸ், பெட்டியிலிருந்து போவது மூன்று.

ஆனால் வருவது 230 வோல்ட் என்றால் போவதும் 230தான். மோட்டரின் தகடோ 415 கேட்கிறது. அந்தக் காலத்து மோட்டர்கள் பலவற்றில் ஸ்டார் இணைப்பை உள்ளேயே முடிந்துவிட்டு மூன்று கம்பிகளை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். டெல்டாவாக மாற்றினால் 240 வோல்ட் போதும். 415ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பிரித்தால் வருவது அதுதான். ஆனால் அதற்கு அந்த முடிச்சைக் கண்டுபிடிக்கவேண்டும். மருதானைப் பக்கத்தில் மோட்டர் சுத்துகிற ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். மூடியைக் கழற்றி, பழுப்பேறிய நூல்கட்டை மெல்ல அவிழ்த்து, வார்னிஷ் பூசிய கம்பிகளுக்குள் மூன்று முனையும் சேரும் இடத்தைத் தேடிப் பிரித்து, மூன்று புதுக் கம்பிகளை வெளியே எடுத்தார். பழைய காப்பு பிஸ்கட் போல நொறுங்கும், ஒரு முனை அழுத்தமாக இழுபட்டால் முழுச் சுற்றும் போச்சு. என் கணிப்பில், இந்தப் பயணம் முழுவதிலும் மோட்டருக்கு உயிராபத்து வந்த நேரம் அந்த அரை மணித்தியாலம்தான்.

முதலில் பூட்டிய இன்வேட்டரில் இன்னொரு கூத்து. ஓடியது, ஆனால் சத்தில்லை. கொஞ்சம் ஆழமாக வெட்டினால் திணறியது. தொழிற்சாலையில் அடிப்படைச் சுழற்சியை 60 என்று வைத்து அனுப்பியிருந்தார்கள், அமெரிக்க வழக்கம். மோட்டருக்கு வோல்ட்டும் சுழற்சியும் ஒரே விகிதத்தில் போகவேண்டும். 60இல் முழு வோல்ட் என்று வைத்தால் 50இல் 190ஐ ஒட்டித்தான் கிடைக்கும், காந்தம் மெலியும். 50 என்று மாற்றியதும் லேத் பழைய குரலுக்குத் திரும்பியது.

பழைய குரல் என்றேன், முழுக்கச் சரியல்ல. இன்வேட்டரில் ஓடும் மோட்டர் மெல்லிய சீழ்க்கை ஒன்று அடிக்கும். கதவுகள் திறந்து மூடும் வேகத்தின் ஒலி அது. அமைப்பில் அந்த வேகத்தைக் கூட்டினால் காதுக்கு எட்டாமல் போகும், பதிலுக்குப் பெட்டி சூடாகும். பாஸ் சீழ்க்கையையே தெரிவுசெய்தார்.

இனி இதனால் கிடைத்த சுகம். தட்டையான முகப்பு ஒன்றைக் கடையும்போது கத்தி ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகும். ஓரத்தில் இரும்பு வேகமாகக் கடக்கும், நடுவுக்குப் போகப்போக மெதுவாகும், மேற்பரப்புச் சொரசொரக்கும். இப்போது இடது கை இன்வேட்டரின் வேகக் குமிழில் இருக்க, கத்தி உள்ளே போகப்போக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். முகப்பு ஒரே பளபளப்பு. புரி வெட்டும்போது தோள் நெருங்கும் கடைசிச் சில மில்லிமீட்டரில் ஊர்ந்து போகலாம். நேரடியாகப் பூட்டிய மோட்டர் தட்டியவுடன் ஆறேழு மடங்கு கரண்டை இழுக்கும், லைட்டெல்லாம் மங்கும். இப்போது அப்படியில்லை, பூனை எழும்புவதுபோல் எழும்புகிறது. 

அவருடன் கொஞ்ச நாள் வேலை பழகிய பெடியன் ஒருவன், இவ்வளவு வசதி வந்தபின் கியரை ஏன் மாற்றவேண்டும், எல்லாவற்றையும் குமிழிலேயே செய்யலாமே என்று கேட்டான். பஸ் ஒன்றின் பிரேக் டிரம் அப்போது லேத்தில் ஏறியிருந்தது.

"தம்பி, குமிழைத் திருப்பினா வேகம் குறையும். பெலம் கூடாது. கியரைப் போட்டா வேகமும் குறையும், பெலமும் கூடும். டிரம்முக்கு எது வேணும், நீரே சொல்லும்."

இந்த ஒரு விஷயத்தை விளங்காமல்தான் பலர் இன்வேட்டர் வாங்கிய கையோடு பட்டியையும் கப்பியையும் கழற்றி மூலையில் போடுகிறார்கள். 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் இரும்பைக் கத்திக்கு முன்னால் கொண்டுவரும். நிமிடத்துக்கு 50 சுற்றே தாராளம். 50 ஹேர்ட்ஸில் ஓடும் மோட்டர் கியர் வழியாக அந்த 50 சுற்றைக் கொடுத்தால், தேய்மானம் போக 3 குதிரைவலுவும் டிரம்முக்கு வந்து சேரும். அதே மோட்டரை 10 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் முறுக்குவிசை ஏறத்தாழ அப்படியே இருக்கும், வேகம் ஐந்தில் ஒன்று, ஆகவே வலுவும் ஐந்தில் ஒன்றுதான். 3 குதிரைவலு அரைக் குதிரைவலுவுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். மேல் பக்கமும் அப்படித்தான். 50ஐத் தாண்டிப் போகலாம், 70, 75 கூட. ஆனால் பெட்டியிடம் அதற்குமேல் வோல்ட் இல்லை, போகப்போக முறுக்கு இளகும். சின்னத் தண்டுக்கு அது போதும்.

மெதுவாக ஓட்டுவதில் இன்னொரு பொறி. மோட்டரைக் குளிர்விக்கும் விசிறி அதன் அச்சிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அச்சு ஐந்தில் ஒன்று வேகத்தில் சுற்றினால் விசிறியும் அப்படித்தான். கரண்டோ அதே அளவு பாய்கிறது. பாரத்தோடு நெடுநேரம் அப்படி ஓடினால் சூடு ஏறிக்கொண்டே போகும். பாஸ் பின்பக்கத்தில் ஒரு சின்ன மேசை விசிறியைக் கம்பியால் கட்டிவைத்திருக்கிறார். அழகில்லை, ஆனால் வேலைசெய்கிறது.

நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். இன்வேட்டருக்குச் சொன்னால் இரண்டு செக்கனில் நிறுத்தித் தரும். இரும்பைப் பிடிக்கும் சக்கைப் புரியால் முறுக்கிப் பூட்டும் பழைய லேத்களில் அது ஆபத்து. தண்டு நின்றுவிடும், பாரமான சக் நிற்காது, புரி கழன்று மடியில் விழும். அதனால் நிற்கும் நேரத்தை எட்டு செக்கன் என்று வைத்திருக்கிறார். லேத்தோடு வந்த பழைய முன்-பின் சுவிட்சையும் மோட்டர்ப் பாதையிலிருந்து எடுத்துவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்கும் மோட்டருக்கும் இடையில் எதையாவது திறந்தால் ஐ.ஜி.பி.டி.கள் எரிய வாய்ப்புண்டு. அதே சுவிட்ச் இப்போது பெட்டியின் சின்ன வோல்ட் முனைகளுக்குப் போய், உத்தரவு சொல்லும் வேலையை மட்டும் பார்க்கிறது.

வீட்டுக்குள்ளே டிரிப் சுவிட்ச் தொல்லை கொஞ்சக்காலம் ஓடியது. பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி மண்ணுக்கு ஒரு சிறு கரண்டைக் கசியவிடும். 30 மில்லி ஆம்பியருக்கே விழும் சுவிட்சுக்கு அதுவும் பிரிட்ஜின் கசிவும் சேர்ந்தால் போதும். சிலர் அதற்கு வைத்தியமாக டிரிப் சுவிட்சையே தாண்டிக் கம்பி இழுத்துவிடுவார்கள். அது வைத்தியமில்லை, உயிரோடு விளையாட்டு. இங்கே லேத்துக்குத் தனிப் பாதை, அதற்கேற்ற வகை டிரிப் சுவிட்ச், தனியாக அடித்த நல்ல மண்கம்பி என்று முடிந்தது. 3 எச்.பி. முழுப் பாரத்தில் ஓடினால் ஒரு பேஸிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே பெரிய வெட்டு ஓடும்போது மேல்மாடி ஏ.சி. நிற்கவேண்டும் என்பது வீட்டாரோடு செய்துகொண்ட எழுதாத ஒப்பந்தம்.

கடல் மட்டும் ஒப்பந்தத்துக்கு வரவில்லை. மரீன் டிரைவிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. அதோடு வார்ப்பிரும்புத் தூளும் சேர்ந்தால் இன்வேட்டரின் உள்பலகைக்கு எமன். தூள் கரண்டைக் கடத்தும், உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் சூட்டில் சாகிறது, திறந்து வைத்தால் உப்பில் சாகிறது. முதல் இன்வேட்டர் மூன்றாவது வருடம் போய்ச் சேர்ந்தது. அடுத்தது வாங்கும் நேரத்தில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது, கரண்டும் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நின்றது. அந்த மாதங்களில் லேத் ஓடியதே குறைவு. ஓடிய நேரத்திலும் வெட்டு நடுவே கரண்ட் போய்க் கத்தி இரும்புக்குள் சிக்கிக்கொண்டது நடந்திருக்கிறது. கடைசியில் வேறொரு வேர்க்‌ஷொப் மூடும்போது விற்ற பழைய இன்வேட்டர் ஒன்று கிடைத்தது. பலகைக்கு உப்பு ஏறாத பூச்சு அடித்து, காற்றுப் போகும் வழியில் பஞ்சு வடிகட்டி வைத்து, தரையிலிருந்து உயர்த்திச் சுவரில் பூட்டியிருக்கிறார். அது இன்னும் ஓடுகிறது. பஞ்சை மாதம் ஒருமுறை கழுவவேண்டும்.

மாற்றுக்கு இன்னொன்றும் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறார். சும்மா கிடந்தால் இன்வேட்டரின் கண்டென்சர்கள் பழுதாகும் என்பதால் வருடத்துக்கு ஒருதரம் அதை எடுத்து, மோட்டர் பூட்டாமல் சில மணித்தியாலம் கரண்ட் கொடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். மோட்டருக்கு இப்படி ஒரு பராமரிப்பும் கிடையாது. போன வருடம் முன்பக்கத்துப் பெயரிங் சத்தம் போட்டது. இன்வேட்டர் கரண்ட் அச்சு வழியாகப் பாய்ந்து குண்டுகளை அரிப்பது தெரிந்த வியாதி, அதுதானோ என்று சந்தேகப்பட்டுக் கழற்றிப் பார்த்தார். பாதையில் அரிப்பு வரிகள் இல்லை, கிறீஸ் காய்ந்திருந்தது. பஞ்சிகாவத்தையில் புதுசு ஒன்று வாங்கிப் பூட்ட ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது, அடுத்த நாள் காலை மறுபடியும் பஸ் டிரம் ஒன்று ஏறியது.